கால் மாத்திரைப் பொட்டலங்கள்

1979 ஜூன் 12, செவ்வாய்

டிஸ்பென்சரிக்கு மருந்து கேட்டு அனுப்பின இன்டென்ட் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. அல்லோபியூரினால் நூறு மில்லிகிராம், மாதம் முப்பது மாத்திரை, நோயாளி பெயர் மாரி, வயது ஐந்து என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். மேலே ஸ்டோரில் எவனோ ஐந்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறான். 'இது முதியோருக்கான மூட்டுவாத மருந்து. வயது ஐம்பதா? சரிபார்த்துத் திருத்தி அனுப்பவும்.'

ஐம்பது என்று திருத்தினால் வந்துவிடும் போலிருக்கிறது. திருத்தவா? பேரப்பிள்ளைகள் எத்தனை என்று அடுத்துக் கேட்பான்.

பிள்ளைக்குத் தாய்மாமன் கம்பவுண்டர் என்று குப்பத்தில் என் தங்கை இருசம்மாளுக்குப் பெருமை. தங்கை மகனுக்கு ஒரு மாத்திரை வாங்கித் தர வக்கில்லாத கம்பவுண்டர்.

1979 ஜூன் 17, ஞாயிறு

தோணியில் லைட்ஹவுஸ் குப்பம் போனேன். டிஸ்பென்சரியை விட்டு ஞாயிறு மட்டும்தான் நகர முடிகிறது.

மாரியை வாசலில் வலை மூட்டையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தானாக உட்கார அவனால் முடியாது. இரண்டு முழங்கையிலும் மூங்கில் சிம்பு வைத்துத் தைத்த துணி உறை. அவன் அப்பன் சிங்காரம் தைத்தது. உறை இருந்தால் கை மடங்காது. மடங்காவிட்டால் வாய்க்குப் போகாது. வலது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. கீழுதட்டில் பாதி இல்லை. இரண்டும் அவனே கடித்து எடுத்தது.

அந்த விரல் போன நாளை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களே என்று சத்தம் போட்டு உறையை அவிழ்த்தது நான்தான். "கட்டு மாமா, கட்டு மாமா"னு அவனே கதறினான். மூன்றரை வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. வலி தெரியாத பிள்ளை என்று ஊரில் சொல்கிறார்கள், பொய். வலிக்கிறது, அழுகிறான், அழுதுகொண்டே கடிக்கிறான்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவன் இடுப்புத் துணியில் செம்மணல் மாதிரி ஒட்டியிருக்கும். குப்பத்தில் எந்தத் துணியில் மணல் இல்லை? உதறிவிட்டு மறுபடி கட்டினோம். அது மூத்திரத்தில் வந்த யூரிக் அமிலம் என்று மெட்ராஸில் டாக்டர் செசிலியா சொல்லித்தான் போன மாதம் தெரிந்தது. வீடு முழுக்கக் கடல் மணல் என்று உதறியவர்களில் இந்தக் கம்பவுண்டரும் உண்டு.

கிளம்பும்போது இருசம்மாள் தோணித்துறை வரைக்கும் வந்தாள்.

"ரெண்டு மாசமா குளிக்கலண்ணா. கலைச்சிடலாம்னு கீறேன். இன்னொரு மாரிய என்னால சொமக்க முடியாது."

டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

1979 ஜூன் 25, திங்கள்

லீவு போட்டு மெட்ராஸ் போனேன். டாக்டர் செசிலியா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இது தாய் வழியாக வருவது. பெண் பிறந்தால் நோய் காட்டாது. ஆண் பிறந்தால் பாதிக்குப் பாதி.

எனக்கும் இருசம்மாளுக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்தான். விரலெல்லாம் புண்ணாகி நாலு வயதில் போனான். கடல் பேய் கடித்தது என்றார்கள். அந்தப் பாதிக்குப் பாதியில் நான் தப்பியிருக்கிறேன், அவன் மாட்டியிருக்கிறான்.

பிறந்த அன்றே மாத்திரையை ஆரம்பித்தால் இந்தக் கடி வராமல் போகுமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறந்துவிட்டது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளக் கூடாது.

"யூரிக் அமிலம் குறையும், சிறுநீரகத்தைக் காப்பாத்தலாம். அது நிச்சயம். கடிக்கிறது மூளை சம்பந்தப்பட்டது. அதுக்கு இந்த மாத்திரை உதவும்னு நான் சொல்ல மாட்டேன், கோதண்டம். உங்க தங்கச்சிகிட்ட ரெண்டையும் சொல்லுங்க. முடிவு அவங்களோடது."

1979 ஜூலை 1, ஞாயிறு

ஒன்றைத்தான் சொன்னேன்.

"பொறந்த அன்னிக்கே குடுத்தா காப்பாத்திடும்னு டாக்டரம்மா சொன்னாங்க." இதுதான் நான் சொன்னது. எதைக் காப்பாற்றும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிங்காரத்தின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு வாய் எழவில்லை. இருசம்மாள், "நீ படிச்சவன், நீ சொன்னா சரி" என்றாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? அந்த வீட்டில் ஒரு பிள்ளையாவது எழுந்து ஓடவேண்டும் என்ற ஆசை. ஆசையை மருந்து மாதிரி பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

1979 ஆகஸ்ட் 19, ஞாயிறு

மாத்திரையை மெட்ராஸிலிருந்து அப்துல் ஷுக்கூர் பாய்தான் வாங்கி வருகிறார். கடைக்கு வாரம் ஒருமுறை சரக்கெடுக்கப் போகிறவர். பெயரைப் பார்த்ததும், "கம்பவுண்டரே, இது என் மாமனார் கால் பெருவிரலுக்குத் தின்ற மாத்திரையாச்சே, இத போயி பச்சப்புள்ளைக்குக் குடுக்குறீங்களா?" என்று பதறிவிட்டார். ஸ்டோர்காரனுக்கும் பாய்க்கும் ஒரே சந்தேகம். பாயாவது வாங்கி வந்தார்.

மாரிக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் பதினொன்றிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டது. மணல் போடுவது நின்றது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். போனால், உறை நழுவிய ஒரு நிமிஷத்தில் நடுவிரலைக் கடித்து வைத்திருக்கிறான்.

ரத்தத்துக்கு நோய் குணமாகிவிட்டது. பையனுக்கு ஆகவில்லை. யாரைத் திட்டுவது?

டாக்டரம்மா நெத்திலி, இறால், ஈரல் எதுவும் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார். குப்பத்தில் பின்னே கத்திரிக்காயா காய்க்கிறது?

1979 செப்டம்பர் 16, ஞாயிறு

நாளைக்கு ஒரு மாத்திரை என்பதை மூன்று மாத்திரை ஆக்கினேன். ரத்தத்தில் இறங்கியது மூளையில் இறங்கவில்லை என்றால் அளவு போதவில்லை என்றுதானே அர்த்தம்? யாரையும் கேட்கவில்லை.

1979 அக்டோபர் 9, செவ்வாய்

மாரி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை மூத்திரத்தில் ரத்தம், வயிற்று வலியில் ஓயாத கத்தல். சிங்காரம் தோளில் போட்டுக்கொண்டு தோணி, பஸ் என்று வந்து சேர்ந்தான். சிறுநீரகத்தில் கல். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, இந்த வகைக் கல் அதில் தெரியாதாம். டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார்.

"எத்தனை மாத்திரை குடுத்தீங்க?"

சொன்னேன்.

"உங்கள யார் ஏத்தச் சொன்னது?"

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மாத்திரை ஒரு வாசலை அடைக்கிறது. அதனால் யூரிக் அமிலம் உண்டாவதில்லை. ஆனால் அதற்கு முந்தின சரக்கு, சாந்தீன் என்று பெயர், வாசலுக்கு இந்தப் பக்கம் சேருகிறது. முகத்துவாரம் மண் மூடினால் ஏரித் தண்ணீர் ஊருக்குள் ஏறுகிறதே, அப்படி. அளவுக்கு மீறி அடைத்தால் அதுவே கல்லாகிவிடும். அதனால்தான் தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் எங்கே கொடுத்தாள்? இருசம்மாளைக் கேட்டால், "குடிச்சா நனைச்சிக்கினே கீறான், ஈரத்துல தொடையெல்லாம் புண்ணு, அதான் கொறச்சேன்" என்கிறாள். மணலில் ஊற்றுத் தோண்டி சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறவளை எப்படித் திட்டுவது? திட்டினேன். மூன்று மாத்திரை கொடுத்தவன் நான், திட்டு வாங்கினது அவள். ஆறு மாச வயிற்றுக்காரி.

சிங்காரம் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "மச்சான், கடலுக்கு நான் போறேன், அங்க நீ வந்து சுக்கான் புடிக்கிறதில்ல. மருந்து டாக்டரம்மாவுது. நீ கைய வெக்காத."

1979 அக்டோபர் 18, வியாழன்

கல் மூத்திரத்தோடு வெளியே வந்துவிட்டது. மறுபடி ஒரு மாத்திரை. மாரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இவனுக்கு என் மேல் கோபமே வராதா? வந்தால் நன்றாக இருக்கும்.

1980 ஜனவரி 22, செவ்வாய்

ஆண்.

1980 ஜனவரி 27, ஞாயிறு

புது மல்துணி முன்கூட்டியே வாங்கிக் கொடுத்திருந்தேன். குழந்தையை மணலில் விடக் கூடாது, துணியை வெளியே உலர்த்தக் கூடாது, ஈரத் துணியை அப்படியே டப்பாவில் போட்டு வை என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் துளித் துளியாகப் பொடி.

கடல் மணலாக இருக்கக் கூடாதா? என் செருப்பிலிருந்து வந்திருக்கக் கூடாதா? சோடா உப்பைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து அதில் போட்டேன். மணல் என்றால் அடியில் கிடக்கும். கிடக்கவில்லை. கரைந்து போய்விட்டது.

வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருசம்மாள் உள்ளேயிருந்து, "இன்னாண்ணா, மணலுதானே?" என்றாள்.

டாக்டரம்மா முன்பே எழுதிக் கொடுத்த அளவு. நூறு மில்லிகிராம் மாத்திரையைக் கல்லுவத்தில் பொடித்து நாலாகப் பிரித்துப் பொட்டலம் கட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு கால். முதல் பொட்டலத்தைத் தாய்ப்பாலில் குழைத்து நானே நாக்கில் தடவினேன். துப்பினான். மறுபடி தடவினேன்.

இளங்கோவன் என்று பெயர் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

1980 ஏப்ரல் 13, ஞாயிறு

மணல் இல்லை. ரத்தமும் நன்றாக இருக்கிறது.

1980 ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏழு மாதம். தலை நிற்கவில்லை. தூக்கினால் பின்னால் வில்லாக வளைகிறான். மாரியும் இப்படித்தான் வளைவான்.

பிள்ளைக்குப் பிள்ளை நாள் முன்னே பின்னே ஆகும் என்று இருசம்மாளிடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

1980 அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு பல் வந்திருக்கிறது. எதிர்வீட்டு ஜெயம்மா சர்க்கரை கொண்டு வந்து கொடுத்தாள். பல் முளைத்ததற்குப் பயப்படுகிற தாய்மாமன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

1981 பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு வயசு தாண்டியும் உட்காரவில்லை. இனி உட்காரப் போவதில்லை. எழுதிவிட்டேன், போதும்.

நடக்காமல் போகட்டும். நான் தூக்கிக்கொண்டு போகிறேன். கடிக்காமல் இருந்தால் போதும். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

1982 மார்ச் 14, ஞாயிறு

இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வாயைத் திறந்து பார்த்தேன், உதட்டைப் புரட்டிப் பார்த்தேன், பத்து விரலையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை! "மாமா" என்று இழுத்து இழுத்துச் சொல்கிறான், சொல்லிவிட்டு என் மூக்கில் எச்சில் துப்பிச் சிரிக்கிறான். போக்கிரி.

போன வாரம் மெட்ராஸில் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "மாரிக்கு எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். இரண்டரை வயதில் என்றேன். "அப்ப இன்னும் நாள் இருக்கு" என்றார். நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இவர்களுக்கு வாயில் முத்து உதிர்ந்துவிடும்.

1982 ஜூலை 4, ஞாயிறு

இளங்கோவனுக்கு இடது சுண்டுவிரலில் காயம். "நண்டு கடிச்சிடுச்சிண்ணா" என்றாள் இருசம்மாள். குப்பத்தில் நண்டு கடிக்காத பிள்ளை எது? டிங்சர் வைத்தேன். அழுதான்.

இரண்டரை வயது இந்த மாதம் முடிகிறது. மாரிக்குக் கெடு வைத்த நாள் இவனைத் தாண்டிப் போகப் போகிறது. காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அடுத்த மாதத்துப் பொட்டலங்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "ஜெயிச்சிட்டோம் இருசம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

1982 ஆகஸ்ட் 1, ஞாயிறு

இன்னொரு நண்டு. இப்போது வலது கை. நண்டு வலையைப் பிள்ளை பக்கத்தில் போடாதே என்று சிங்காரத்தைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினேன். எதிர்த்துப் பேசுகிறவன், இன்று தலையைக் குனிந்துகொண்டு, "சரி மச்சான், இனிமே போடல" என்றான்.

1982 ஆகஸ்ட் 22, ஞாயிறு

இளங்கோவன் தூங்குகிறான், எழுப்பாதே என்றாள் இருசம்மாள். போர்வை முகம் வரை மூடியிருந்தது. அவன் ரத்தப் பரிசோதனை முடிவு போன வாரமே வந்துவிட்டது. யூரிக் அமிலம் ஐந்துக்கும் கீழே.

டாக்டரம்மாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பிறந்த ஆறாம் நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் மருந்து கொடுத்ததன் பலன் கண்கூடாகத் தெரிகிறது, இதை நீங்கள் மற்ற டாக்டர்களுக்கும் சொல்லவேண்டும் என்று எழுதினேன். கொஞ்சம் திமிராகத்தான் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

1982 செப்டம்பர் 5, ஞாயிறு

இளங்கோவன் வீட்டில் இல்லை. சிங்காரம் தோணிரேவு ஊரில் தன் அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறானாம். பொட்டலங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தானா விருந்தாடப் போகவேண்டும்? ஆறு நாள் காத்திருந்து வருகிறேன்.

1982 செப்டம்பர் 8, புதன்

காலரா ஊசி போட லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அனுப்பினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். ஜெயம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா கம்பண்டரே, இன்னிக்கி புதன்கிழமையாச்சே! நீங்கோ ஞாயித்துக்கெழம தானே வருவீங்கோ!" என்று கத்தினாள். பத்தடி தூரத்தில் நிற்கிறவனிடம் எதற்கு இந்தக் கத்தல்? யாருக்குக் கேட்கவேண்டும் என்று கத்தினாள் என்பது வீட்டுக்குள் போன பிறகுதான் புரிந்தது.

மாரி பக்கத்தில் இளங்கோவன். முழங்கையில் சின்னதாக இரண்டு உறை. கீழுதட்டில் மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தது. மஞ்சளுக்குள் பள்ளம்.

இருசம்மாள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவே இல்லை.

"ஆனி மாசத்துலேர்ந்தே கடிக்கிறான்ண்ணா. மொத நாளே சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீ பொட்டலத்த எண்ணிக்கினே ஜெயிச்சிட்டோம்ன. உன் மூஞ்சியப் பாத்து எப்டி சொல்றது? நண்டுன்னேன். நீயும் ஆமான்ட்ட."

ஆமாம் என்றுதான் சொன்னேன். நகர முடியாத பிள்ளை. பாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போக முடியாத பிள்ளை. அவன் விரலைத் தேடி வந்து, மாதம் ஒரு கை என்று முறை வைத்துக் கடித்துவிட்டுப் போகிற நண்டு எந்தக் கடலில் இருக்கிறது? கம்பவுண்டரே, நீ படிச்சவனாம். டிங்சர் வேற போட்ட. பாவம் அந்தச் சிங்காரம், உன் திட்டையும் வாங்கிக்கினு நின்னானே.

நூறு பேருக்கு ஊசி போட்டேன். அப்புறம்தான் தோணி ஏறினேன்.

1982 செப்டம்பர் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா சொன்ன மற்றதையும் இருசம்மாளிடம் சொல்லிவிட்டேன். சிறுநீரகத்துக்குத்தான் நிச்சயம் என்றார், கடிக்கு இல்லை என்றார், உன்னிடம் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை. நீ பிள்ளையைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் மறைத்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மாரிக்கு வாய் துடைத்தாள், இளங்கோவனின் உறையை இழுத்துச் சரிசெய்தாள்.

"தெரிஞ்சிருந்தா கலைச்சிருப்பேன்" என்றாள்.

அப்புறம், "இப்ப இவன் மூஞ்சிய பாத்துக்கினு அதெ நெனைக்க வெச்சியே, அதுக்குத்தாண்ணா உன்ன மன்னிக்க முடியல" என்றாள்.

எழுந்தேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"எங்க போற? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து நோட்டுல எழுதிக்கினு போறதுக்கு நீ இன்னா பெரிய ஆபீசரா? புள்ளைங்க ரெண்டு. எனக்குக் கீறது ரெண்டே கை. அவரு கடலுக்குப் போனா நான் இன்னா செய்வேன்? டூட்டி முடிச்சிட்டு தெனமும் வா."

1982 செப்டம்பர் 21, செவ்வாய்

ஆகஸ்டில் எழுதிய நாலு பக்கமும் தப்பு என்று டாக்டரம்மாவுக்கு இன்னொரு கடிதம் போட்டிருந்தேன். பதில் வந்தது. நிறுத்த வேண்டாம், சிறுநீரகம் இரண்டு பிள்ளைகளுக்கும் நன்றாக இருக்கிறது, தண்ணீர் கொடுங்கள் என்று மூன்று வரி. முதல் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குத்திக் காட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

1982 செப்டம்பர் 27, திங்கள்

கடைசித் தோணியில் திரும்பினேன். பதினைந்து நாளாக இப்படித்தான்.

அலை நல்ல வேகம். சிங்காரம் இன்னும் கரையேறவில்லை. ஊற்றில் இரண்டு குடம் மொண்டு வந்து வைத்தேன். உறை போட்ட இடம் வேர்த்துப் புண்ணாகியிருந்ததால் கழற்றிக் காற்றாட விட்டு, வலது கையால் மாரியின் இரண்டு கையையும், இடது கையால் இளங்கோவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாரி ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக் கொடுக்க, சின்னவன் அதை என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தான்.

இருசம்மாள் தட்டில் சோறும் மடவை மீன் குழம்பும் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் நின்றுகொண்டு, ஒரு கை பிள்ளை மேல். இன்று முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்து, அவசரப்படாமல் தின்றாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.